திபெத்திய அகராதி எழுதியவர் பற்றிய படம்: “அவரு தேடுனது கெடச்சுதா டீச்சர்?” என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

மலைப்பள்ளி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காடு பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் வெள்ளை வேட்டி கட்டி, பிள்ளைகளுக்கும் அவர்களோடு வருகிற பெரியவர்களுக்கும் ஏதாவது படம் போடுவோம். போன மாதம் நண்பர் ஒருவர் பென் டிரைவில் கொடுத்த ஆவணப்படம் ஒன்றைப் போட்டேன், ஆசிய மொழிகளைப் படிக்க ஊர் ஊராக நடந்தே அலைந்த ஒரு ஹங்கேரியரைப் பற்றியது. அலெக்சாண்டர் சோமா டி கொரோஸ். 1784-ல் திரான்சில்வேனியாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், தன் மக்களின் பூர்வீகம் ஆசியாவில் எங்கோ இருக்கிறது என்று நம்பி 1819-ல் கிளம்பினார். நான் கூடவே நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அலெப்போ, பாக்தாத், தெஹ்ரான், புகாரா, காபூல், லாகூர் என்று போய், கடைசியில் லடாக்கில் உட்கார்ந்து திபெத்திய மொழி படிக்கிறார். பிள்ளைகள் அசையவில்லை. அவர் டார்ஜிலிங் போய்ச் சேரும் இடத்தில் கரண்ட் போய்விட்டது. மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த இருட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “அவரு தேடுனது கெடச்சுதா டீச்சர்?” நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அவள் சும்மா கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மலையாளிக் குடும்பம் (கேரளா இல்லை, சேர்வராயன் மலைக்காரர்கள், பேசுவது தமிழ்தான்). காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் மலை ஏறி வந்த கதையைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள். எங்கிருந்து வந்தோம் என்பது அவர்கள் வீட்டுக் கதை.

அதோடு, படம் பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “ஹங்கேரிக்காரனும் தமிழன்தான், ரெண்டு மொழியும் ஒண்ணு, அதனாலதான் அவன் இந்தியாவுக்கு வந்தான்” என்று சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். அது சரியா?

வரும் சனிக்கிழமை படத்தை மறுபடி முதலிலிருந்து போடப் போகிறேன். அதற்குள் இரண்டுக்கும் பதில் வேண்டும்.

கொண்டப்பநாயக்கன்பட்டி ஆள்:

கிடைக்கவில்லை. டார்ஜிலிங்கில் காய்ச்சலில் இறந்துபோனார், 1842 ஏப்ரல் 11. திபெத்தின் தலைநகர் லாசாவுக்குப் போகிற வழியில். நேராகச் சொல்லிவிடுங்கள் டீச்சர், பிள்ளைகள் தாங்குவார்கள்.

எழுத்துப்பிழை:

அக்கா, முதலில் அந்தக் கைதட்டல் விஷயத்தைப் பார்த்துவிடலாம். பெரியவர் சொன்னது அவராக இட்டுக்கட்டியது இல்லை, அதற்கு ஒரு வம்சாவளி உண்டு. கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியபோது நம் மொழிக் குடும்பத்துக்கு ‘சித்தியன்’ என்று அவர் சொன்ன கூட்டத்தோடு உறவு இருக்கலாம் என்று வாதாடினார், அந்தக் கூட்டத்துக்குள் ஃபின்னிஷ், ஹங்கேரியன் எல்லாம் வரும். பிற்கால ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஆனால் மேடைப் பேச்சில் அது இன்னும் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஏன் அப்படித் தோன்றுகிறது என்றால், ஹங்கேரியனும் நம்மைப் போல ஒட்டு மொழி. ‘ஹாஸ்’ என்றால் வீடு. ‘ஹாஸாயிம்பன்’ என்றால் ‘என் வீடுகளில்’. வீடு, பன்மை, என், இல் எல்லாம் ஒரே சொல்லில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘வீடுகளில்’ என்று சொல்லிப் பழகினவனுக்கு அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் துருக்கியும் அப்படித்தான் ஒட்டும், ஜப்பானிய மொழியும் ஒட்டும். ஒரே மாதிரி வேட்டி கட்டினவன் எல்லாம் பங்காளி ஆகிவிட முடியாது.

உறவு என்றால் ஒலி ஒழுங்காக மாற வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சேலத்தை வைத்தே சொல்லலாம். நம் ஊரில் வீட்டில் கன்னடம் பேசும் தேவாங்கர் குடும்பம் எத்தனை இருக்கிறது! நமக்குப் பால், கன்னடத்தில் ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பூ, ஹூவு. ‘ப’ வருகிற இடத்தில் ‘ஹ’ வந்துகொண்டே இருக்கிறது, தற்செயலாக ஒன்றிரண்டு சொல்லில் இல்லை. அதுதான் உறவுக்கு அடையாளம். இப்போது ஹங்கேரியனுக்கு வாருங்கள்: மீனுக்கு அவர்கள் ‘ஹல்’ என்பார்கள், ஃபின்னிஷில் ‘கலா’. மூன்றுக்கு ‘ஹாரொம்’, ஃபின்னிஷில் ‘கொல்மே’. ‘க’ வருகிற இடத்தில் ‘ஹ’. ஆக அவர்களுடைய பங்காளிகள் வடக்கே பனிக்காட்டில் இருக்கிறார்கள், ஃபின்னிஷ்காரர்கள், நார்வேயின் வடக்கே இருக்கும் ‘சாமி’ என்ற பழங்குடி மக்கள், சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பக்கம் காந்தி, மான்சி பேசுகிறவர்கள் (நம் காந்தித் தாத்தாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை).

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. இந்த விடை சோமா பிறப்பதற்கு முன்பே அச்சாகிவிட்டது. யானோஷ் ஷய்னோவிச் என்று ஒரு ஹங்கேரியப் பாதிரியார், 1769-ல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க நார்வேயின் வடகோடிக்கு ஒரு வானியலாளரோடு போனார். போன இடத்தில் சாமி மக்கள் பேசுவதைக் கேட்டு, இது நம் மொழியாச்சே என்று 1770-ல் புத்தகமே போட்டார். ஊரில் வரவேற்பு இல்லை. நாங்கள் அட்டிலா ராஜா வம்சம், ஹூணப் போர்வீரர் வம்சம் என்று மீசை முறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ‘மீன் கொழுப்பு நாறுகிற சொந்தம்’ பிடிக்கவில்லை. சோமா தேடியது உய்குர் மக்களை, அதாவது மத்திய ஆசியாவில். திசையே தப்பு.

சேலம் தறிக்காரன்:

எழுத்துப்பிழை தம்பி, நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் திசை தப்பு என்று சட்டென்று முடித்துவிடாதீர்கள். நான் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அம்மா என்னோடு பேசுவது ஒரு மொழி, தெருவில் இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் மூன்றாவது. சின்ன வயதில் “உங்க பாஷைக்கு எழுத்து இருக்கா?” என்று எல்லோரும் கேட்பார்கள், இருக்கிறது என்று சொன்னால் எழுதிக் காட்டு என்பார்கள், எனக்கு எழுதத் தெரியாது. எங்கள் முன்னோர் குஜராத்திலிருந்து பட்டுநூலோடு விஜயநகரம் வந்து அங்கிருந்து மதுரை, சேலம் என்று பரவியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று சில வருடம் முன்பு சோமநாதம் போனேன். டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் பாஷையில் “பாணி” என்றேன். தண்ணீர் வந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதற்கு மேல் நான் பேசிய எதுவும் அவருக்குப் புரியவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் அந்த மனிதர் ஏன் நடந்தார் என்பது எனக்குப் புரிகிறது. நார்வேயில் சொந்தக்காரன் இருக்கிறான் என்று புத்தகத்தில் படித்திருந்தாலும் நடந்திருப்பார்.

கொண்டப்பநாயக்கன்பட்டி ஆள்:

அண்ணா, “பாணி” என்றால் டெல்லியிலும் தண்ணீர் வரும்.

சேலம் தறிக்காரன்:

தெரியும்ப்பா. வீட்டுக்கு வந்து என் மகனும் அதையேதான் சொன்னான். அழுதது அழுததுதானே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மொழிக்கு முறையான ஒரு அகராதி 1990-ல் ஜெர்மனியில் அச்சானது, செய்தவர் உச்சிதா நோரிஹிகோ என்ற ஜப்பானியர். எங்கள் ஆட்களும் வேலை செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கேயோ பிறந்த ஒருவர் நம் அம்மா பேசுகிற பேச்சை உட்கார்ந்து சொல் சொல்லாகக் குறித்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும். சந்தோஷமா கூச்சமா என்று தெரியாது. லடாக்கில் சோமாவுக்குத் திபெத்தியம் சொல்லிக்கொடுத்த அந்த லாமாவுக்கு, அந்த பௌத்தத் துறவிக்கு, எப்படி இருந்திருக்கும்? டீச்சர், படத்தில் அவரைப் பற்றி ஏதாவது வந்ததா?

மலைப்பள்ளி டீச்சர்:

ஒரு பெயர் வந்தது அண்ணா, நான் சரியாகப் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்தது குளிரில் அந்த அறைக்குள் இருக்கும் இடம்தான். இங்கே மார்கழியில் மூடுபனியில் போர்வையோடு பள்ளிக்கு வருகிறவர்கள் இல்லையா, உடனே ஒட்டிக்கொண்டார்கள்.

பழைய புத்தகக்கடை:

நான் ஓய்வு பெற்ற ஆள், சேலத்தில் இருக்கிறேன், தட்டச்சு மெதுவாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த லாமாவின் பெயர் சங்க்யே புண்ட்சோக். லடாக்கில் சன்ஸ்கார் பகுதியைச் சேர்ந்தவர், மருத்துவமும் தெரிந்தவர். 1823 கோடையில் சோமா சங்லா என்ற ஊருக்குப் போய் அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார், பதினாறு மாதம் அங்கே இருந்தார். டீச்சர் சொல்லும் அறை அதுதான். ஒன்பதடிக்கு ஒன்பதடி. அதற்குள் இவர், லாமா, ஒரு வேலையாள். வெளியே பனி மூடி மூன்று நான்கு மாதம் வாசல் தாண்ட முடியாது. உள்ளே நெருப்பு கிடையாது, இருட்டினால் விளக்கும் கிடையாது, படுக்கத் தரைதான். ஆட்டுத்தோல் போர்வைக்குள் கையை மடக்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை படிப்பாராம், ஏடு புரட்டுவதற்குக் கையை வெளியே எடுப்பதே பெரும்பாடாக இருக்குமாம். பிற்பாடு கின்னௌரில் கானம் என்ற ஊரில் அவரைப் போய்ப் பார்த்த ஜெரார்டு என்ற டாக்டர் எழுதி வைத்ததால் நமக்கு இதெல்லாம் தெரிகிறது.

ஏன் திபெத்தியம் என்று பிள்ளைகள் கேட்டால்: 1822-ல் லடாக் வழியில் மூர்கிராஃப்ட் என்ற வெள்ளைக்காரரைச் சந்திக்கிறார். அந்த மூர்கிராஃப்ட் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டவர், நல்ல குதிரை தேடி மத்திய ஆசியாவுக்குப் போய்க்கொண்டிருந்தவர். (ஒருவர் முன்னோரைத் தேடுகிறார், ஒருவர் குதிரையைத் தேடுகிறார், மலையில் எதிரெதிரே வருகிறார்கள். இப்படி ஒரு காட்சியைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.) அவர் கையில் 1762-ல் ரோமாபுரியில் அச்சான ஒரு திபெத்திய எழுத்துப் புத்தகம் இருந்தது, லத்தீனில். அதை இவரிடம் கொடுத்தார். திபெத்திய மடங்களின் ஏடுகளில் மத்திய ஆசிய மக்களைப் பற்றிய பழைய செய்தி இருக்கும், அதில் தன் ஜனத்தைப் பற்றியும் ஏதாவது கிடைக்கும் என்பது சோமாவின் கணக்கு. திசையை விட்டுவிடவில்லை, வழியில் ஒரு நூலகத்துக்குள் நுழைந்தார், அவ்வளவுதான். வெளியே வர இருபது வருடம் ஆயிற்று.

அகராதி கல்கத்தாவில் 1834-ல் வந்தது, இலக்கணமும் அதே வருடம். ‘முதல் திபெத்திய அகராதி’ என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், 1826-லேயே செராம்பூரில் ஒன்று அச்சாகியிருந்தது. ஆனால் ஐரோப்பாவில் திபெத்தியப் படிப்புக்கு அடித்தளம் போட்டது இவருடையதுதான். அதன் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள், யார் பெயர் முதலில் வருகிறது? சன்ஸ்காரைச் சேர்ந்த கற்றறிந்த லாமா சங்க்யே புண்ட்சோக்கின் உதவியோடு செய்யப்பட்டது என்று போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் பெயர். அந்தக் காலத்தில் எத்தனை துரைமார் முன்ஷிகளையும் பண்டிதர்களையும் வைத்து வேலை வாங்கிக்கொண்டு தன் பெயரை மட்டும் போட்டார்கள் என்று நமக்குத் தெரியாதா? தறிக்காரர் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இந்தத் தலைப்புப் பக்கம்தான்.

சொந்த ஊர்ப் பெருமைக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மொழி படித்துக்கொண்டு அலைந்த வெளிநாட்டார் நம் சேலத்துக்கும் வந்திருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றும் கற்ற இராபர்ட் டி நோபிலி 1623-ல் மதுரையிலிருந்து கிளம்பி சேந்தமங்கலம் வந்து அங்கிருந்து சேலம் வந்தார்.

வெள்ளிப்பட்டறை:

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் உப்புப் போடுகிறேன். சோமாவுக்கு மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தது யார்? கிழக்கிந்தியக் கம்பெனி. திபெத்தியம் தெரிந்த ஆள் கம்பெனிக்கு ஏன் தேவைப்பட்டது? வியாபாரமும், ரஷ்யாக்காரன் வந்துவிடுவானோ என்ற பயமும்தானே. இதைச் சொல்லாமல் ‘ஞானத் தேடல்’ என்று பிள்ளைகளிடம் சொன்னால் அது பாதி உண்மை.

பழைய புத்தகக்கடை:

நியாயமான கேள்விதான். கம்பெனி காசு போட்டுத்தான் அகராதியே அச்சாயிற்று. ஆனால் அதே கம்பெனி ஆட்கள்தான் 1824 கடைசியில் அவர் மலையிலிருந்து இறங்கி சபாத்து என்ற கம்பெனி முகாமுக்கு வந்து சேர்ந்ததும், இந்த ஆள் யார், யாருக்காக வேவு பார்க்கிறான் என்று சந்தேகப்பட்டு மாதக்கணக்கில் உட்கார வைத்தார்கள். அவர் அதை மறக்கவே இல்லை. ஐம்பது ரூபாய்க்கு மேல் கொடுக்க வந்தபோதும் கை நீட்டவில்லை. கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தின் நூலகராக இருந்தபோது புத்தகப் பெட்டிகளுக்கு நடுவே பாய் போட்டுப் படுத்தவர். இறந்தபோது அவரிடம் இருந்தவை: புத்தகமும் காகிதமுமாக நான்கு பெட்டி, எப்போதும் போட்டிருந்த நீல உடுப்பு, சில சட்டைகள், ஒரே ஒரு சமையல் பாத்திரம். சாப்பாடு டீயும் வெறும் சோறும். கம்பெனி இவரைப் பயன்படுத்திக்கொண்டது, உண்மை. இவரும் கம்பெனியைப் பயன்படுத்திக்கொண்டார், அதுவும் உண்மை.

வெள்ளிப்பட்டறை:

இரண்டையும் சொன்னால் எனக்குச் சம்மதம் சார். அந்தப் பாத்திரத்தை மறக்காமல் சொல்லுங்கள் டீச்சர்.

எழுத்துப்பிழை:

பெயர் விஷயம் ஒன்று விட்டுப்போச்சு அக்கா. ‘சோமசுந்தரம்’ மாதிரி மென்மையாகச் சொல்லாதீர்கள், ‘பச்சை’யில் வருகிற ச்ச, அந்த ஒலி. அப்புறம் அவர் ஊரில் அவர் பெயர் கொரோஷி ச்சோமா ஷாண்டோர். முதலில் ஊர்ப்பெயர், பிறகு குடும்பப் பெயர், கடைசியில்தான் சொந்தப் பெயர். நம் இனிஷியல் மாதிரியே. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். (பெரியவர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பார்த்தாயா தமிழன்தான் என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்.)

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு, ‘தேடியது கிடைக்கவில்லை, ஆனால் அதைவிடப் பெரியது கிடைத்தது’ என்று சொல்லலாமா? 1933-ல் டோக்கியோவில் தைஷோ பல்கலைக்கழகம் அவரைப் போதிசத்துவராகவே, அதாவது பௌத்தத்தில் புத்தநிலையை நோக்கிப் போகிற மகானாகவே, அறிவித்திருக்கிறது. அதைச் சொல்லி முடித்தால் நன்றாக இருக்குமே.

பழைய புத்தகக்கடை:

தம்பி, அப்படிச் சொல்லாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அது நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். அவருக்கு அகராதி பெரியதாகத் தோன்றியிருந்தால் 1834-க்குப் பிறகு கல்கத்தாவில் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். என்ன செய்தார்? சிக்கிம் எல்லைப் பக்கம் போய் சமஸ்கிருதம், மராத்தி, வங்காளி என்று படித்தார். பிறகு 1842 பிப்ரவரியில், அறுபதை நெருங்கும் வயதில், மறுபடி மூட்டை கட்டினார். லாசா போய், அங்கே உள்ள ஏடுகளைப் பார்த்து, அங்கிருந்து தன் ஜனத்தைத் தேடி இன்னும் உள்ளே போவது என்று திட்டம். இமயமலை அடிவாரத்துத் தராய்க் காட்டைக் கடக்கும்போது மலேரியா பிடித்துக்கொண்டது. டார்ஜிலிங்கில் அதிகாரி கேம்பெல், தானும் ஒரு டாக்டர், மருந்து கொடுத்துப் பார்த்தார், இவர் முதலில் வேண்டாம் என்றுவிட்டார். காய்ச்சல் கொஞ்சம் விட்ட நேரத்தில் கேம்பெலிடம் பேசியது எதைப் பற்றி? அகராதியைப் பற்றி இல்லை. ஹூணர், உய்குர், லாசா. லாசா போய்ச் சேர்ந்தால் ஐரோப்பாவின் தத்துவவாதிகள் எல்லாம் என் இடத்தில் இருக்க என்னதான் கொடுக்க மாட்டார்கள் என்று குழந்தை மாதிரி உற்சாகமாகச் சொல்லியிருக்கிறார். நான்கைந்து நாளில் முடிந்துவிட்டது.

ஆகவே அவர் கணக்கில் அகராதி ஏணி, போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. ஏணியைக் காட்டி ‘இதுதான் உனக்குக் கிடைத்தது’ என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மலைப்பள்ளி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. புத்தகக்கடை சார் சொன்னபடியே சொல்லப் போகிறேன்: கிடைக்கவில்லை, இறக்கும்வரை தேடிக்கொண்டுதான் இருந்தார். கம்பெனி ஐம்பது ரூபாயையும் சொல்கிறேன், பாத்திரத்தையும் சொல்கிறேன். பால்–ஹாலு விஷயத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். கைதட்டு வாங்கிய பெரியவரைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை, மனசு கோணாமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று நடந்தது. நேற்று அந்தப் பிள்ளை வந்து, பாட்டியிடம் காஞ்சிபுரக் கதையை மறுபடி கேட்டதாகச் சொன்னாள். பாட்டி வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார், போன முறை சொல்லாத ஒரு நாய் இந்த முறை கதைக்குள் வந்துவிட்டதாம். எது சரி என்று என்னிடம் கேட்டாள். இரண்டையும் நோட்டில் எழுதி வை என்று சொன்னேன். மலையில் மட்டும் புழங்கும் சொல் எதுவாவது வந்தால் அதை ஓரத்தில் தனியாக எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

சேலம் தறிக்காரன்:

சனிக்கிழமை நான் வரலாமா டீச்சர்? மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மலைப்பள்ளி டீச்சர்:

தாராளமாக வாருங்கள் அண்ணா. ஆறு மணிக்குப் படம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வர வேண்டும், மதியமே கிளம்பிவிடுங்கள், மழை வந்தால் பனி இறங்கி ரோடு தெரியாது. ஸ்வெட்டர் கட்டாயம். இந்த முறை ஒருவரிடம் ஜெனரேட்டர் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார். டீசல் நம் செலவு.

கொண்டப்பநாயக்கன்பட்டி ஆள்:

டீசல் நான் வாங்கி வருகிறேன். அடிவாரத்தில் தறிக்கார அண்ணன் வண்டியில் ஏறிக்கொள்கிறேன், இடம் இருக்குமா?

சேலம் தறிக்காரன்:

இருக்கும். “பாணி” பற்றிப் பேசாமல் வந்தால்.